கட்டைமேல் ரெண்டு செகண்ட்

வாங்க மேடம், உள்ளே வாங்க. நிலை தாழ்வு, குனிந்து வாங்க. அந்த நாற்காலியில் உட்காருங்க. இருங்க, கிண்ணத்தை நகர்த்திவிடுகிறேன். கொலுசுக்குக் கோர்க்கிற சலங்கை, கொட்டினால் பொறுக்கி மாளாது.

கலெக்டர் ஆபீசில் இருந்து என்று நீங்க வாசலில் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனு கொடுத்து ரெண்டு வாரம் ஆகிறது. யாரும் வர மாட்டாங்க, எல்லாக் காகிதமும் குப்பைக்குத்தான் போகும் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். நான் சொன்னேன், நியாயம் இருந்தால் வருவாங்க என்று. வந்துவிட்டீங்க. கழுத்து அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன் மேடம். குழந்தைகள் பாதுகாப்பு. சரிதான். என் பிள்ளையோட மார்க்குக்கு ஒரு பாதுகாப்பு இல்லாமல்தானே போனது.

காபி வேண்டாமா? சரி.

நான் இவ்வளவு பேசுகிறவள் இல்லை மேடம். ரேஷன் கடையில்கூட கார்டை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அஞ்சாவதோடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னால் பாவாடை நனைந்துவிடும். அப்படி ஒரு கூச்சம். பதினாறில் கல்யாணம், பதினேழில் தன்ஷிகா பிறந்தாள். இப்போது எனக்கு இருபத்தெட்டு. இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் முகத்தைத் தூக்கி நின்றது கிடையாது. கல்யாண போட்டோவில்கூட என் உச்சந்தலைதான் தெரியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மகள் முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் நின்றதைப் பார்த்தேனே, அதுக்காக. ஏழு வயது. ஆடுவதற்கு முன்னால் ஜட்ஜுக்கு ரெண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும், நான் தயார் என்று. தூக்கினாள். நெஞ்சை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கி, நேராக அவங்க கண்ணைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய ஹாலில் என் வயிற்றில் பிறந்தது ஒண்ணு தலையைத் தூக்கி நிற்கிறது. நான் முந்தானையை வாயில் வைத்து அழுதேன். அன்றைக்கு முடிவு செய்தேன் மேடம், இவள் தலை இனிமேல் கீழே இறங்கக் கூடாது, நான் என்ன பாடுபட்டாலும் சரி, அவள் என்ன பாடுபட்டாலும் சரி.

ஆரம்பத்தில் இருந்தே சொல்கிறேன், எழுதிக்கோங்க.

பள்ளிக்கூட மதில்மேல் நடந்தாள் என்று பி.டி. டீச்சர் கூப்பிட்டு விட்டாங்க. திட்டப் போறாங்க என்று போனால், "இவளை ஸ்டேடியத்துல ஜிம்னாஸ்டிக்ஸ்ல சேருங்க"ன்னாங்க. அங்கே வின்சென்ட் மாஸ்டர். முதல் நாளே ரெண்டு காலையும் ஒரே கோட்டில் விரிக்கச் சொன்னார். முக்கால்வாசிதான் விரிந்தது. மாஸ்டர் இடுப்பில் கை வைத்து அழுத்தினார். அப்புறம் முழங்காலை வைத்து அழுத்தினார். அப்புறம் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டுக்குட்டி கத்துமே, அந்த மாதிரி கத்தினாள். நான் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "பாவமா இருந்தா கூட்டிட்டுப் போயிரும்மா. இவ இடத்துக்கு நாலு பிள்ளை நிக்குது"ன்னார்.

நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு மனசு கெட்டியானது. ஸ்கிப்பிங் கயிற்றை மடித்து வைத்திருப்பார், தப்பு பண்ணினால் காலில் விழும். நல்ல மனுஷன். அவரைக் குறை சொல்ல நான் மனு கொடுக்கவில்லை, அதைத் தெளிவாக எழுதிக்கோங்க.

மார்க்கு எப்படிப் போடுவாங்க தெரியுமா மேடம்? உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். ரெண்டு மார்க்கு உண்டு. ஒண்ணு கஷ்டத்துக்கு. எவ்வளவு கஷ்டமானதைச் செய்கிறாளோ அவ்வளவு ஏறும். இன்னொண்ணு சுத்தத்துக்கு. அதில் பத்து மார்க்கை முதலிலேயே கையில் கொடுத்துவிடுவாங்க. அப்புறம் பிடுங்குவாங்க. பாதம் நீளவில்லையா, புள்ளி ஒண்ணு. முழங்கால் மடங்கிவிட்டதா, எவ்வளவு மடங்கியதோ அதைப் பொறுத்து புள்ளி ஒண்ணு, புள்ளி மூணு, புள்ளி அஞ்சு. கீழே விழுந்தால் முழுசாக ஒரு மார்க்கு. அது சாமி கொடுக்கிற மாதிரி மேடம். பிறக்கும்போது எல்லாம் கொடுத்துவிட்டு, ஒவ்வொண்ணாகப் பிடுங்குவது.

மாஸ்டர் சொன்னதை எல்லாம் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன், அதோ, காலண்டர் பக்கத்தில். போட்டோ எடுக்கிறீங்களா? எடுத்துக்கோங்க. இன்னும் கிட்டே போய் எடுங்க, எழுத்து சின்னது.

பக்கத்து வரிசையா? அது வீட்டுக்கு. ஸ்டேடியத்தில் மூணு மணி நேரம்தான் பழக்குவாங்க, மிச்ச நேரம் வீட்டில் நான். புள்ளி ஒண்ணுக்குக் கிள்ளு. புள்ளி மூணுக்கு மர ஸ்கேலில் ஒண்ணு. புள்ளி அஞ்சுக்கு ஸ்கேலைத் திருப்பி, விளிம்பால். விழுந்தால் டியூப். பழைய கேஸ் டியூப், ஒரு முழம் வெட்டி வைத்திருக்கிறேன். கண்டபடி அடிக்கிற தாய் இல்லை மேடம் நான். பக்கத்து வீட்டில் அடிக்கிறாங்க, எதுக்கு அடிக்கிறோம் என்று அடிக்கிறவங்களுக்கே தெரியாது. இங்கே எல்லாம் ரூல்தான். ஒரு நாள்கூடத் தப்புக்கு மேலே ஒரு அடி விழுந்தது கிடையாது.

இன்னொண்ணு. உடுப்பு மறைக்கிற இடத்தில்தான். அந்த ஒட்டின உடுப்பு காலை மறைக்காது, அதனால் தொடையில் கை வைக்க மாட்டேன். முதுகு, விலா, இடுப்பு. தழும்போடு பிள்ளையை ஜட்ஜ் முன்னால் நிறுத்தினால் நன்றாகவா இருக்கும்?

எனக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது என்றேன் இல்லையா. அந்த ஸ்கேலைக் கையில் எடுத்தால் மட்டும் கூச்சம் இருக்காது மேடம். அது ஏன் என்று தெரியவில்லை. குரல்கூட வேறாக வரும். ஒரு தடவை மொட்டைமாடியில் நான் எண்ணுகிறதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர், "யாரும்மா அது, புதுசா டீச்சர் வந்திருக்காங்களா?"ன்னு கேட்டார்.

மாடியில்தான் அவள் ஏறி நின்று கரணம் போட்டுப் பழகுகிற கட்டை இருக்கிறது. போட்டியில் அந்தக் கட்டை பத்து சென்டிமீட்டர் அகலம், அஞ்சு மீட்டர் நீளம், ஆள் நெஞ்சு உயரம். நமக்கு அதுக்கு எங்கே போவது? இடித்த வீட்டில் இருந்து எங்கள் வீட்டுக்காரர் ஒரு கதவு நிலைக் கட்டையைத் தூக்கி வந்தார். அகலம் அளந்த மாதிரி பத்து. ரெண்டு பக்கமும் செங்கல் அடுக்கி ஏற்றி, மேலே பழைய பட்டுப்பாவாடையைச் சுற்றினேன். அவரேதான் ஏற்றிக் கொடுத்தார். தண்ணீர் லாரி ஓட்டுகிறார், குணசேகர் என்று பெயர். பிள்ளைமேல் உயிர். ஆனால் அந்த உயிர்தான் கெடுக்கும். ஒரு நாள் நான் அடிக்கும்போது நடுவில் கையை நீட்டிவிட்டார், அவர் முழங்கையில் விழுந்தது. "போதும் ரஞ்சனி, பாப்பா வாயத் தொறந்து சிரிச்சு மூணு மாசம் ஆச்சு"ன்னார்.

நான் அவருக்கு ரூலைச் சொன்னேன். சுத்தத்துக்கு நாலு ஜட்ஜ் உட்காருவாங்க. நாலு பேர் மார்க்கில், ரொம்பப் பிரியமாகக் கூடப் போட்டவர் மார்க்கைத் தள்ளிவிடுவாங்க. அந்த மாதிரி உங்களையும் தள்ளியாச்சு, போய்ச் சாப்பிடுங்க என்றேன்.

அதுக்கு அவர், "அப்ப ரொம்பக் கொறச்சுப் போட்ட கோவக்காரரு?"ன்னார்.

"அவரையும்தான் தள்ளுவாங்க."

"பொறவு நம்ம வீட்டுல யாருதான் மிஞ்சுறது?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. பிள்ளையும் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் கட்டைமேல் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

கையை ஏன் என்றால், விரலை மடக்கித்தான் நான் எண்ணுவேன். ஒரு தப்புக்கு ஒரு விரல். முடிந்ததும் மடங்கின விரலை அவளிடம் காட்டுவேன், எது எது என்ன தப்பு என்று அவளே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் திரும்பி நிற்பாள். நான் திரும்பு என்று சொல்லவே வேண்டாம். அவ்வளவு ஒழுங்கு மேடம். அழக்கூட மாட்டாள். முதல் வருஷம் அழுதாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாசம் மாநில அணிக்கு ஆள் எடுத்தாங்க. ஆறு பேர். அதில் வந்தால் தேசியப் போட்டி, அங்கே கண்ணில் பட்டால் பெரிய கேம்ப். ஒலிம்பிக்குக்குப் பதினாறு வயது முடிய வேண்டும். மாஸ்டர் சொல்வார், "பெரிய நாட்டுக்காரன் அஞ்சு பேரை அனுப்புவான். நம்மள்ல ஒருத்தி போனாலே வானத்துல போன மாதிரி." அந்த ஒருத்தி யார் என்றுதான் மேடம் கேள்வி. இவளுக்குப் பதினொண்ணு. நான் நாளை எண்ணிக்கொண்டு இருந்தேன்.

அன்றைக்கு முதலில் குதிரை தாண்டினாள், ஓடிவந்து கையை ஊன்றித் தாண்டுவது, நல்ல மார்க்கு. கம்பியில் தொங்கி ஆடுவதும் நல்லா போனது. எனக்குப் பக்கத்தில் நேத்ராவோட அம்மா உட்கார்ந்திருந்தாங்க. நேத்ரா இவளுக்குப் போட்டி. அந்த அம்மா என்னிடம் பேசாது, என்னைத் தாண்டி அடுத்த ஆளிடம் பேசும். "கொலுசுக்காரி பொண்ணு நல்லாதான் பண்ணுது, ஆனா மூஞ்சியப் பாரு, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி." நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் கட்டை. ஏறினாள். கரணம் போட்டாள், பாதம் கொஞ்சம் நீளவில்லை. ஒரு விரலை மடக்கினேன். தாவினாள், உடம்பு லேசாக ஆடியது. ரெண்டாவது விரல். அடுத்து ஒற்றைக்காலில் முழுச்சுற்று, நின்றாள், கை ஒரு தடவை துழாவியது. மூணாவது விரல். அடுத்தது பின்னால் பார்க்காமல் வளைந்து தாவுவது, அவள் தூக்கத்தில்கூடச் செய்வாள். அதுக்கு முன்னால் நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் கேலரியைப் பார்த்தாள். நேராக என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

நின்றுவிட்டாள் மேடம்.

ரொம்ப நேரம் இல்லை. ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு. அப்புறம் தாவினாள், அழகாக இறங்கினாள், கையைத் தூக்கினாள். விழவே இல்லை. "உங்க பொண்ணு நடுவுல என்னத்தத் தேடுச்சு, பஸ்ஸயா?"ன்னு நேத்ராவோட அம்மா முதல் தடவையாக என்னிடமே கேட்டது.

ஏழாவது இடம். ஆறாவது வந்த நேத்ராவைவிடப் புள்ளி பூஜ்யம் அஞ்சு குறைவு. மாஸ்டர் போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னார், கட்டைமேல் காரணம் இல்லாமல் ரெண்டு செகண்டுக்கு மேல் நின்றால் புள்ளி ஒண்ணு போகும், "நாலு ஜட்ஜும் வெட்டியிருக்காங்கம்மா"ன்னு. அந்தப் புள்ளி ஒண்ணு போகாமல் இருந்தால் ஆறாவது இவள்தானே மேடம்? அப்பீல் போகலாம் என்றேன். "கஷ்ட மார்க்குக்குத்தான் அப்பீல் உண்டு. சுத்த மார்க்குக்கு அப்பீல் கிடையாது"ன்னார்.

காரணம் இல்லாமல் என்றால் என்ன அர்த்தம்? பிள்ளை தைரியத்துக்கு அம்மாவைப் பார்த்தது. அது காரணம் இல்லையா? நாலு பேருமே அம்மா வயிற்றில் பிறக்காதவங்களா? அதுக்குத்தான் திங்கட்கிழமை குறைதீர் நாளில் போய் வரிசையில் நின்றேன். இந்த நான். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற அண்ணன், "சும்மா மார்க்கு போடலைன்னு எழுதினா நிக்காதும்மா. எவ்வளவு பாடுபட்டீங்கன்னு வெவரமா சொல்லு"ன்னார். எல்லாம் சொன்னேன். ஸ்கேலு, டியூபு, எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை என்று. டைப் அடித்துக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதையும் போடவா?"ன்னார். "போடுங்கண்ணே, அதுதான் முக்கியம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அப்புறம்தான் அடித்தார். மனசு இளகின மனுஷன்.

என்ன மேடம்? அவள் கை முறிந்ததா?

கட்டையில் இருந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னேன். பொய் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உடுப்பைக்கூட மாற்றவில்லை. ஏறு, அதே இடத்தில் இருந்து செய், நிற்காமல் செய் என்றேன். ஏறினாள். சுற்றினாள். நிமிர்ந்தாள். மறுபடியும் நின்று என்னைப் பார்க்கிறாள். ஏன்டி நிற்கிறாய் என்றேன். டியூபால் முதுகில் ஒண்ணு. திரும்பச் செய்தாள், திரும்ப அதே இடத்தில் நின்றாள். ரெண்டு. திரும்ப. கீழே அவர் கதவைத் தட்டுகிறார், நான் மாடிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை மேடம், அன்றைக்கு மட்டும் எண்ணவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஏன் நிற்கிறாய், ஏன் நிற்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். காலில் கை வைக்க மாட்டேன் என்றேன் இல்லையா, அன்றைக்குக் கணுக்காலில் பட்டது. கட்டைமேல் நிற்கும்போது பட்டது. கீழே சாய்ந்து செங்கல்மேல் கையை ஊன்றிவிட்டாள். குச்சி ஒடிகிற சத்தம். அவள் கத்தவில்லை. எழுந்து, முறிந்த கை தொங்க, இன்னொரு கையை மட்டும் தூக்கிக் காட்டினாள், முடிந்தது என்று. அந்த ஒழுங்கைப் பாருங்க. அதுக்கு மார்க்கு உண்டா உங்கள் புத்தகத்தில்?

கட்டு பிரிக்க இன்னும் மூணு வாரம். அதுக்குள் மறு தேர்வுக்கு நீங்க உத்தரவு வாங்கிக் கொடுத்தால் போதும். கால் வேலையை இப்போதே ஆரம்பித்துவிடலாம்.

கூப்பிடட்டுமா? உள்ளேதான் இருக்கிறாள். பாப்பா. இங்கே வா. மேடம் உன் மார்க்கு விஷயமாக வந்திருக்காங்க.

பார்த்தீங்களா, உங்கள் கையில் நோட்டைப் பார்த்ததும் கையைத் தூக்கி நிற்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒத்தக் கையாக இருந்தாலும் விறைப்பைப் பாருங்க.

மேடம் கேட்கிறாங்க, பதில் சொல்லு. அம்மா அடிச்சாங்களான்னு கேட்கிறாங்க. உள்ளதைச் சொல்லு, நானே சொல்லிவிட்டேன், அதில் என்ன இருக்கிறது. என்னைப் பார்க்காதே. அவங்களைப் பார்த்துச் சொல்லு. இதுதான் மேடம், இந்த ஒரு வழக்கம்தான். ஒண்ணு. ரெண்டு. பார், புள்ளி ஒண்ணு போய்விட்டது. என் கையில் என்ன இருக்கிறது? வெறும் கை. இந்தா, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

வெளியே போக வேண்டுமா? நானா?

சரி. வாசலில் நிற்கிறேன்.

முடிந்ததா மேடம்? அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. என்ன சொன்னாள்? சட்டையைத் தூக்கிக் காட்டினாளா? அவளாகவேயா? அவளுக்கு என்னைவிடக் கூச்சம் மேடம், என்னிடம்கூட அப்படிக் காட்ட மாட்டாளே.

துணியா? எத்தனை செட்டு? அப்படியென்றால் கேம்ப்பா மேடம்? ஆறு பேரோடு சேர்த்துவிட்டாங்களா? வாயால் சொல்லக் கூடாது, இல்லையா, உத்தரவு வந்த பிறகுதான் சொல்லணும். புரிகிறது. இதோ எடுத்து வைக்கிறேன். ரெண்டு பாவாடை, ரெண்டு சட்டை, துண்டு. இது முக்கியம், நீலக்கலர் உடுப்பு, போட்டிக்குப் போடுவது. கை கட்டு பிரித்ததும் வேண்டும். ஏன் பாப்பா, அதை ஏன் வெளியே எடுக்கிறாய்? உள்ளே வை. நாற்காலிமேல் வைக்காதே. சரி விடு, நான் அப்புறம் கொண்டுவந்து கொடுக்கிறேன். எந்த ஊர் கேம்ப் என்று சொன்னால் போதும்.

அப்பாவுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிவிட்டீங்களா? அவர் அழுதாரா? ஆமாம், அவர் சந்தோஷத்துக்கும் அழுவார். நானும் கூட வரட்டுமா, செருப்பை மாட்டிக்கொண்டு வருகிறேன். கூடாதா? அம்மா கூட வரக் கூடாது என்று ரூலா?

எத்தனை நாளைக்கு மேடம்?

யார் முடிவு செய்வாங்க? எத்தனை பேர் உட்காருவாங்க?

பாப்பா, மெதுவாக. தெருவில் சாக்கடைமேல் பலகை போட்டிருக்கிறாங்க மேடம், ஒத்தப் பலகை, எங்களுக்கே பயம். அவள் கையைப் பிடிங்க, கையில் கட்டு. பாப்பா, நில்லு, அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ.

மேடம், பார்த்தீங்களா அதை? போகிறதைப் பார்த்தீங்களா? தலை நேராக இருக்கிறது. தோள் ஆடவில்லை. பலகை நடுவில் நிற்கவே இல்லை, ஒரு செகண்ட்கூட நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. உங்கள் ஜீப் வரைக்கும் ஒரே சீராகப் போய்விட்டாள். அஞ்சு வருஷமாக நான் இதைத்தானே மேடம் கேட்டேன்.

இதையும் எழுதிக்கோங்க. ஒரு விரல்கூட நான் மடக்கவில்லை.